தம்பி, அந்த ஜெபக்கூட்டத்துக்குப் போகலாமா?

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் வந்து நான்கு மாதம். செந்தூலில் சாப்பாட்டுக் கடையில் வேலை, கடைக்கு மேலேயே ஆறு பேருக்கு ஓர் அறை. பாஸ்போர்ட் முதலாளியிடம். உங்கள் ஊரிலிருந்தே வந்த கூட்டாளி, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வீட்டுப் பிள்ளை, இப்போது லீவு நாள் தவறாமல் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறார். அடுத்த மாதம் ஞானஸ்நானம் என்கிறார். உங்களையும் கூப்பிடுகிறார்கள். பாஸ்போர்ட்டை முதலாளியிடம் பேசி வாங்கித் தருவதாகப் பாஸ்டர் சொல்லியிருக்கிறார். "கஷ்டத்தில் இருக்கிறவங்க ஏன் இவ்வளவு சீக்கிரம் மாறிடறாங்க? காசு குடுக்கறாங்களா? நான் போகலாமா அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் இருக்கிறேன். கிறிஸ்தவச் சபைக்குப் போனவர்கள், இஸ்லாத்தைத் தழுவியவர்கள், ஏதோ ஒரு சாமியார் பின்னால் போனவர்கள் என்று பலரைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கையில் காசு வாங்கிக்கொண்டு மாறியவர் என்று ஒருவரைக்கூட என்னால் காட்ட முடியாது. மளிகைச் சாமான் வாங்கியவர்கள் உண்டு, வீட்டு வாடகைக்கு உதவி பெற்றவர்கள் உண்டு. ஆனால் அரிசி வாங்கியவர்கள் எல்லோரும் மாறவில்லை. மாறியவர்கள் எல்லோரும் அரிசி வாங்கவில்லை. 'சோத்துக்கு மாறிட்டான்' என்று உங்கள் கூட்டாளியைப் பற்றி ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடாதீர்கள். அது உண்மையில்லை. அந்தப் பிள்ளையை அவமானப்படுத்துகிற பேச்சும் கூட.

என்ன நடக்கிறது என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுப் பின்னறையில் முன்பு ஒரு பையன் வாடகைக்கு இருந்தான். தஞ்சாவூர்ப் பக்கம், ரொட்டி சானாய் போடுகிற வேலை. ஒருநாள் எண்ணெய்ச் சட்டி சரிந்து இரண்டு கையும் வெந்துபோயின. அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு அங்கே கட்டணம் கூடுதல், முன்பணமும் கட்ட வேண்டும். முதலாளி அதைக் கட்டிவிட்டு, சம்பளத்தில் பிடித்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், பிறகு வரவில்லை. கடைப் பையன்களைக் குறை சொல்ல முடியாது. பார்வை நேரத்தில் அவர்கள் அடுப்படியில் நிற்பார்கள். நானும் வீட்டுக்காரரும் சாயங்காலம் போவோம். போகும்போதெல்லாம் அங்கே ஒரு கணவன் மனைவி இருப்பார்கள். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்த சபைக்காரர்கள். இவனுக்கு ஆளில்லை என்று தெரிந்ததும் இவனுக்கும் சேர்த்து வர ஆரம்பித்திருக்கிறார்கள்.

அந்த அம்மா பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்து ஊட்டுவார். ஒருநாள் அவனுடைய அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் கொடுத்தார். இரண்டு கையிலும் கட்டு, அவனால் போனைப் பிடிக்க முடியாது. முகம் மட்டும் தெரிய வேண்டும், கட்டு தெரியக் கூடாது. அதற்குத் தோதாகப் போனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். 'காய்ச்சல்தாம்மா, சரியாயிரும்' என்று அவன் சொல்லி, அந்தப் பக்கம் அம்மா அழுது, இவன் தேற்றி, பேச்சு முடியும்வரை கையை இறக்கவில்லை. பைபிளைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை இல்லை. நாலைந்து மாதம் கழித்து அவன் ஞானஸ்நானம் எடுத்தான். என்னிடம் அவன் சொன்ன காரணம் இதுதான்: "அந்தம்மா கும்பிடுற சாமி நல்ல சாமியாத்தான்க்கா இருக்கும்." இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்? ஆள் இல்லாத இடத்தில் ஆளாக வந்து நின்றார்கள். மனசு அந்தப் பக்கம் சாய்ந்தது. நம்பிக்கை பின்னால் வந்தது.

படித்தவர்கள் ஆராய்ந்து சொன்னதும் இதையேதான். 1960களில் அமெரிக்காவில் ஜான் லோஃப்லண்ட் என்ற சமூகவியலாளர், கொரியாவிலிருந்து வந்த ஒரு புதிய மதக்குழு எப்படி ஆள் சேர்க்கிறது என்று கூடவே இருந்து கவனித்தார். ராட்னி ஸ்டார்க்குடன் சேர்ந்து அவர் 1965இல் எழுதிய கட்டுரையின் சாரம்: சேர்ந்தவர்கள் வாழ்க்கையில் ஏதோ ஒரு திருப்பத்தில் நின்றவர்கள், வேலை போயிருக்கும், ஊர் மாறியிருக்கும். வெளியே இருந்த உறவு மெலிந்து, குழுவுக்குள் கிடைத்த நட்பு இறுகியபோதுதான் அவர்கள் முழுதாக உள்ளே போனார்கள். பிறகு இங்கிலாந்தில் ஐலீன் பார்க்கர் அதே குழுவை ஆராய்ந்தார். பயிலரங்குக்கு வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் சேராமலே திரும்பிவிட்டார்கள். ஆகவே வசியம், மூளைச்சலவை என்று பயப்பட வேண்டியதில்லை. அழைப்பு எல்லோருக்கும்தான் போகிறது. அந்த நேரத்தில் யாருக்கு வேறு ஆள் இல்லையோ அவருக்குத்தான் அது காதில் விழுகிறது.

புதிதாக வந்தவர்களை இந்த ஊர் அப்படி ஆளில்லாமல் ஆக்கிவிடுகிறது. உங்கள் பெர்மிட் ஒரே முதலாளியின் பெயரில் இருக்கிறது; அவரைப் பகைத்தால் வேலையும் போகும், இங்கே தங்கும் உரிமையும் போகும். ஏஜென்ட்டுக்குக் கட்டிய பணத்துக்கு ஊரில் வட்டி ஓடுகிறது, அதனால் திரும்பிப் போகவும் முடியாது. வீட்டுக்குப் போன் பேசினால் எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லியாக வேண்டும். மனம் விட்டு அழ ஓர் இடம் இல்லை. ஜெபக்கூட்டத்தில் அழலாம், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தோளில் கை வைப்பார். அடுத்த வாரம் உங்கள் அம்மாவின் கால்வலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். இவ்வளவும் கிடைக்கிற இடத்துக்கு ஒரு மனிதன் திரும்பத் திரும்பப் போவதில் வியக்க என்ன இருக்கிறது?

வயிறு மட்டுமே காரணம் என்று நினைப்பவர்கள் மரியாதையை மறந்துவிடுகிறார்கள். நான் தென்காசிப் பக்கத்துக்காரி. எங்கள் பக்கம் மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரியில் தலித் மக்கள் கூட்டமாக இஸ்லாத்தைத் தழுவினார்கள். வளைகுடாப் பணம் என்று அன்றைக்குப் பேசாதவர்கள் இல்லை. ஆனால் டீக்கடையில் தனி கிளாஸ், தெருவில் தலைகுனிவு என்று காலம்காலமாகப் பட்டவர்களுக்கு, தொழுகையில் தோளோடு தோள் நிற்கக் கிடைத்தது என்ன என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இங்கேயும் அது உண்டு. அடுக்குமாடியில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா. தோட்டத்தில் பிறந்து, தோட்டம் விற்கப்பட்டதும் பட்டணத்துக்கு வந்த குடும்பம். புருஷன் குடி. திருவிழாவுக்குத் திருவிழா கோவிலுக்குப் போவார், வரிசையில் நிற்பார், பிரசாதம் வாங்குவார், வருவார். நிர்வாகத்தினருக்கும் உபயக்காரர்களுக்கும் மாலை விழும். இவர் பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாது. சபையில் இரண்டாவது வாரமே பாட்டுக்குழுவில் நிறுத்தினார்கள். மூன்றாவது மாதம் வீட்டிலேயே கூட்டம், நாற்காலி போடுவதிலிருந்து எல்லாம் இவர் பொறுப்பு. புருஷனையும் நாலு பேர் விடாமல் பின்தொடர்ந்து குடியை நிறுத்த வைத்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்று நன்றாகப் படிக்கிறார்கள். நான் சைவக் குடும்பம், தினமும் திருநீறு பூசுகிறவள். அந்த அம்மாவிடம் போய் நீங்கள் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. நம் கோவில்கள் லட்சக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) செலவழித்துக் கோபுரம் கட்டுகின்றன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆளில்லாமல் கிடப்பவனைப் பார்த்துவர நாலு பேரை அனுப்பக் கூடாதா என்ற ஆதங்கம்தான் எனக்கு.

ஆனால் எல்லா இடமும் அந்தக் கஞ்சி கொண்டுவந்த அம்மா மாதிரி இருக்காது. பலவீனமானவரைத் தேடிப் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எந்த மதமானாலும் இருக்கிறார்கள். செய்வினை எடுக்கிறேன் என்று ஆயிரம் வெள்ளி கேட்கும் பூசாரியும், ஜெபித்தால் போதும், சர்க்கரை மாத்திரையை நிறுத்து என்கிற ஊழியக்காரரும் எனக்கு ஒன்றுதான். நேரடி விற்பனைக் கும்பல்கூட இதே வழியில்தான் வரும்: குடும்பம் என்பார்கள், கட்டிப் பிடிப்பார்கள், கடைசியில் நீங்கள் பணம் கட்டியிருப்பீர்கள். இவர்களை அடையாளம் காண நான் பார்ப்பது ஒன்றுதான். நீங்கள் 'வேண்டாம், நான் என் சாமியையே கும்பிடுகிறேன்' என்று சொன்ன பிறகும் அந்த உதவி வருகிறதா? வந்தால் அது அன்பு. நின்றுபோனால் அது விலை. கடனில் இருப்பவரிடம் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகம் என்று கேட்டாலோ, பெற்றவர்களிடம் பேசாதே என்றாலோ, உங்கள் அம்மா கும்பிடுகிற மாரியம்மனைப் பேய் என்று சொல்லிப் படத்தைக் கிழிக்கச் சொன்னாலோ, அன்றே எழுந்து வந்துவிடுங்கள்.

சீக்கியர்களை எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடிக்கும். சௌக்கிட்டில் தாட் கால்சா குருத்வாராவில் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். சப்பாத்தி, பருப்பு வரும். நீ யார் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

இங்கே சட்டம் வேறு. ஊரில் போல நினைத்துவிடாதீர்கள். மலேசிய அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு மதச் சுதந்திரம் தருகிறது. ஆனால் முஸ்லிம்களிடையே வேறு மதத்தைப் பரப்புவதைத் தடுத்துச் சட்டம் போட அதே பிரிவு இடம் கொடுக்கிறது. சிலாங்கூர் மாநிலத்தில் 1988 முதல் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது, செந்தூலிலிருந்து பத்துமலைப் பக்கம் போனாலே சிலாங்கூர்தான். உங்கள் கூட்டாளி சபையில் சேர்ந்த வேகத்தில், கூட வேலை செய்யும் பங்களாதேஷ்காரரிடமோ இந்தோனேசியரிடமோ துண்டுப் பிரசுரம் நீட்டினால் பெரிய சிக்கல். இதை அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

இஸ்லாத்தைத் தழுவுவது என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். முஸ்லிம் பெண்ணைக் கட்ட வேண்டுமானால் இங்கே மதம் மாறியே ஆக வேண்டும். மாறியவர்களைத் தாங்கிப் பிடிக்கவும் ஏற்பாடு உண்டு: நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் 1960இல் தொடங்கிய பெர்கிம் என்ற முஸ்லிம் நல அமைப்பு இருக்கிறது; முஸ்லிம்கள் கடமையாகக் கொடுக்கும் ஜகாத் என்ற தர்மத்தைப் பெறுகிற எட்டு வகையினரில் புதிதாக மார்க்கத்துக்கு வந்தவர்களும் ஒரு வகை. நல்ல மனதோடு போய் நிம்மதியாக வாழ்கிறவர்கள் இங்கே மஸ்ஜித் இந்தியா பகுதியிலேயே எனக்குத் தெரியும். ஆனால் திரும்பி வருவது மிகக் கடினம். வாரிசு உரிமை, பிள்ளைகளின் மதம், கடைசியில் உடல் யாருக்கு என்பது வரை எல்லாம் மாறிவிடும். 1997இல் எவரெஸ்ட் ஏறப் போன மலேசியக் குழுவில் இருந்த மூர்த்தி 2005இல் இறந்தபோது, அவர் இஸ்லாத்துக்கு மாறியவர் என்று சமய அதிகாரிகள் சொன்னார்கள்; அவர் இந்துவாகவே வாழ்ந்தார் என்று மனைவி மன்றாடியும் முஸ்லிம் முறைப்படி அடக்கம் செய்தார்கள். ஈப்போவில் இந்திரா காந்தி என்ற பாலர்பள்ளி ஆசிரியையின் கணவர் 2009இல் மதம் மாறி, தாயின் சம்மதம் இல்லாமல் மூன்று பிள்ளைகளையும் மாற்றினார். அது செல்லாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொல்ல 2018 ஜனவரி ஆகிவிட்டது. ஆகவே கடன் தீரட்டும், காதல் சூடு கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் முடிவெடுங்கள் என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்வேன்.

இனி உங்கள் விஷயம். அழைத்தவர்கள் நல்லவர்களாகத் தெரிந்தால் போங்கள், சாப்பிடுங்கள், பாட்டுக் கேளுங்கள். ஆனால் உங்களுடைய எல்லாத் தேவையும் ஒரே கையில் இருக்கும்போது ஞானஸ்நானமோ வேறெதுவோ எடுக்காதீர்கள். பாஸ்டர் மூலமாகத்தான் பாஸ்போர்ட் கிடைக்கும் என்ற நிலையில் நீங்கள் சொல்லும் 'ஆமாம்', உங்களுக்கே பின்னால் சந்தேகமாக இருக்கும். அதை வேறு வழியில் வாங்குங்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வது 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். முதலில் தன்மையாகக் கேளுங்கள். கொடுக்காவிட்டால் இந்தியத் தூதரகத்துக்கு எழுதுங்கள். கஷ்டப்படும் நம்மவர்களுக்காகவே அங்கே இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக 1991 முதல் வேலை செய்யும் தெனாகனிதா அமைப்பிடமும் போகலாம். உங்கள் பெயரில் சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி கட்டுகிறார்களா என்று பாருங்கள். 2019 ஜனவரியிலிருந்து வேலையிடத்து விபத்துக்கு நமக்கும் அது உண்டு. ராத்திரியில் மனம் ரொம்பக் கனத்தால் மனக்கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் (Befrienders) அமைப்பின் எண் 03-7627 2929, இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

உங்கள் கூட்டாளியிடம் எது உண்மையான சாமி என்று வாதம் பண்ணாதீர்கள். அவருக்கு இங்கே உங்களைத் தவிர ஊர் ஆள் யாரும் இல்லை, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லீவு நாளில் சேர்ந்து பத்துமலைக்கோ கடற்கரைக்கோ போங்கள், சேர்ந்து சமைத்துச் சாப்பிடுங்கள், கடன் எவ்வளவு நிற்கிறது என்று கேளுங்கள். அதற்குப் பிறகும் அவர் ஞானஸ்நானம் எடுக்க விரும்பினால் எடுக்கட்டும். அன்றைக்குக் கூடப் போய் நில்லுங்கள். அவருடைய அம்மாவுக்கு விஷயத்தை அவரே சொல்லட்டும்.

பாஸ்போர்ட்டை முதலாளி தர மறுத்தால் அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள் தம்பி. தூதரகத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.