காவடி நோட்டீஸின் நிறம் அச்சில் மங்குவது ஏன்?

மொரிஷியஸ் கோயில் தைப்பூசக் காவடிக்கு இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் செய்த நோட்டீஸில், திரையில் பளிச்சென்று இருந்த மயில்பச்சையும் ரோஜா நிறமும் அச்சில் ஏன் மங்கின என்று கேட்டிருக்கிறீர்கள். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டும், அது ஆர்ஜிபி. அச்சுக்கு சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (கருஞ்சிவப்பு ரோஜா), மஞ்சள், கறுப்பு என்று நான்கு மைகள், அது சிஎம்ஒய்கே. திரையின் சில நிறங்களை மையால் எட்டவே முடியாது. ஃபைல் மெனுவில் டாக்குமெண்ட் கலர் மோடை சிஎம்ஒய்கே ஆக்குங்கள். திரும்ப ஆர்ஜிபிக்குப் போனாலும் இழந்த பளபளப்பு வராது. மூலக் கோப்பைத் தனியாக வையுங்கள்.

அப்புறம் கறுப்பு. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். மாற்றும்போது கறுப்பு எழுத்து நான்கு மைகளின் கலவையாகிவிடும். அச்சுத் தகடு துளி விலகினாலும் ழ, ஞ, ணு எல்லாம் சுழி கலங்கி நிற்கும். எழுத்துக்கு சி, எம், ஒய் மூன்றும் 0, கறுப்பு மையான கே மட்டும் 100 என்று நீங்களே கொடுங்கள்.

இல்லஸ்ட்ரேட்டருக்குப் பதில் இலவச வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப் என்றால், அதன் எஸ்விஜி கோப்பை ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் திறந்து இந்த சிஎம்ஒய்கே வேலையைச் செய்யலாம்.