கிட்டத்தட்டப் பொருந்தும் ஸ்பிரிங்

அன்புள்ள அக்கா,

என்னுடையது அழுத்தக் காற்றுச் சிலிண்டர் வைத்த ஏர் பிஸ்டல். வீட்டிலேயே சுத்தம் செய்யலாம் என்று டிரிகர் பகுதியைத் திறந்தேன். டிரிகருக்குச் சற்று மேலே இருந்த பின்னைத் தட்டியதும் ஒரு ஸ்பிரிங் தெறித்துப் போய்விட்டது. கூடவே ஒரு சின்ன இரும்புக் குண்டும். மேசைக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், கதவிடுக்கில், படுக்கை விரிப்பில் எல்லாம் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்திருந்ததால் மற்றவற்றைத் திரும்ப மாட்டிவிட்டேன். தொலைந்தது சின்ன ஸ்பிரிங்தானே என்று ஒரு பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டேன். கிட்டத்தட்டப் பொருந்துகிறது. டிரிகர் முன்பைவிட இலேசாகவும் இருக்கிறது. இனிமேல் இப்படித் தொலையாமல் இருக்க காந்தத் தட்டு வாங்கலாமா? எந்த எண்ணெய் நல்லது? பூதக்கண்ணாடி தேவையா?

க.

அன்புள்ள தம்பி,

முதலில் பிஸ்டலை எடுங்கள். சிலிண்டரைத் திருகிக் கழற்றுங்கள். பேரலில் ஈயக்குண்டு இல்லை என்பதைக் கண்ணால் பாருங்கள். அப்புறம் அந்தப் பேனா ஸ்பிரிங்கை வெளியே எடுத்துக் குப்பையில் போடுங்கள். அதைச் செய்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காந்தத் தட்டு வேண்டாம். பித்தளையையும் அலுமினியத்தையும், காற்று கசியாமல் அடைக்கும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையத்தையும் அது பிடிக்காது. பிடிக்கிற எஃகு ஸ்பிரிங்குகளையும் குண்டுகளையும் காந்தமாக்கி விடும். பிறகு அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மாட்டும்போது வேண்டாத இடத்தில் போய் நிற்கும், இரும்புத் தூளையும் இழுத்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் விஷயத்தில், ஓ ரிங்குகளுக்குச் சிலிகான் கிரீஸ், அதுவும் குண்டூசித் தலை அளவு. உயர் அழுத்தக் காற்று ஓடும் வழியில் சாதாரண மெஷின் எண்ணெய் போகவே கூடாது, அந்த அழுத்தத்தில் அது தீப்பிடிக்கக்கூடும். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. இதற்கு மேல் இவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது அந்தப் பேனா ஸ்பிரிங்கைப் பற்றி. கடிதத்தில் அதை நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு இரண்டு நாளாக மனம் அதிலேயே நிற்கிறது.

எதைத் தொலைத்தீர்கள் என்று தெரிந்துதான் எழுதினீர்களா? பின் இருந்த இடத்தைப் பார்த்தால் அது சியரை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்காகத்தான் இருக்க வேண்டும். சியர் என்பது ஒரு கொக்கி. பின்னுக்கு இழுத்து வைத்த சுத்தியலை அதுதான் பிடித்து நிறுத்துகிறது. டிரிகரை இழுத்தால் கொக்கி விலகும், சுத்தியல் பாய்ந்து வால்வை அடிக்கும், காற்று சீறிக் குண்டைத் தள்ளும். கொக்கியும் சுத்தியலும் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு உங்கள் நகத்தின் ஓரம் அளவுகூட இருக்காது. அந்த இம்மியளவு பரப்பை ஒவ்வொரு முறையும் முழுதாகச் சேர்த்து வைப்பதுதான் அந்த ஸ்பிரிங்கின் வேலை. வலுக் குறைந்த ஸ்பிரிங் கொக்கியைப் பாதிதான் தள்ளும். பாதி ஏறிய கொக்கி விளிம்பில் நிற்கும். நாளாக ஆக விளிம்பு மழுங்கும். மழுங்கிய பிறகு பிஸ்டலை மேசையில் கொஞ்சம் அழுத்தி வைத்தாலே போதும், யாரும் டிரிகரைத் தொடாமல் அது சுட்டுவிடும். 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டு ஒரு கண்ணைப் பறிக்கப் போதுமானது. வீட்டில் வேறு யாரும் இல்லையா தம்பி?

'முன்பைவிட இலேசாகவும் இருக்கிறது' என்று மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் டிரிகரின் இழுவை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. எடைக்கல்லை டிரிகரில் தொங்கவிட்டுத்தான் சோதிப்பார்கள். இலேசாக்க வேண்டுமென்றால் அதற்கென்று வைத்த திருகு இருக்கிறது. தவறான ஸ்பிரிங்கால் வந்த இலேசை வசதி என்று நினைக்காதீர்கள். அது கோளாறின் முதல் அடையாளம்.

'சின்ன ஸ்பிரிங்தானே' என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே நம் நாட்டு வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் கோளாறாகி, அதைச் சரிசெய்வதிலேயே பல நிமிடங்கள் கரைந்தன. 575 புள்ளிகளோடு 12ஆவது இடம். இறுதிச் சுற்றுக்குள் நுழைந்த கடைசி வீராங்கனைக்கு 577. அதே போட்டியில் 2024இல் பாரிஸில் அவர் வெண்கலம் வாங்கும்வரை அந்த இரண்டு புள்ளிகளை நான் மறக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் பயிற்சியாளர்கள் இருந்தார்கள், மாற்றுக் கருவிகள் இருந்தன. அப்படியும் நேரம் போனது போனதுதான். கைக்கு அடங்கும் ஒரு கருவிக்குள் எதைச் சின்னது என்று ஒதுக்குவீர்கள்?

சரி, எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சொல்லிவிடுகிறேன். போன வாரம்தான் அம்மாவின் தையல் மெஷின் இழுப்பறையை ஒழித்துக்கொண்டிருந்தேன். ஒரு பழைய பாபின் கேஸ், அதாவது கீழ்நூல் சுற்றிய உருளையை வைக்கும் சின்ன உலோகக் கூடு, கையில் கிடைத்தது. பாபின் கேஸின் பக்கத்தில் வில் போன்ற ஒரு மெல்லிய தகடு இருக்கும். நூல் அதன் அடியில் வழுக்கிக்கொண்டு வரும். அந்தத் தகட்டை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை ஒரு திருகு தீர்மானிக்கும், எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய திருகு. அம்மா அதைக் கால் சுற்று, அரைக் கால் சுற்று என்று திருப்புவாள். பிறகு நூல் நுனியைப் பிடித்து பாபின் கேஸைத் தொங்கவிட்டு, கையை மெல்ல ஒரு சொடுக்குச் சொடுக்குவாள். அது ஒரு விரற்கடை இறங்கி நின்றால் சரி. சரசரவென்று இறங்கினாலோ அசையாமல் தொங்கினாலோ மறுபடியும் திருகு. திருகைக் கழற்ற நேர்ந்தால் மடியில் வெள்ளைத் துணியை விரித்து, அதன் இரண்டு முனைகளை மெஷின் மேசையோடு சேர்த்துக் குத்திக்கொண்டு, அந்தத் தொட்டிலுக்குள்தான் கழற்றுவாள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. அவள் இல்லாத நேரத்தில் நான் திறந்தேன், திருகு போய்விட்டது. ஆணி டப்பாவைக் கொட்டி அதே அளவில் ஒன்றைத் தேடி எடுத்தேன். தலை ஒன்றுபோல இருந்தது. நீளமும் ஒன்றுபோல இருந்தது. முதல் ஒன்றரைச் சுற்று சுலபமாக ஏறியது, அப்புறம் இறுகியது. கிட்டத்தட்டப் பொருந்திவிட்டதே என்று திருப்புளியை அழுத்தித் திருகினேன். இறுக்கம் சட்டென்று விட்டுப்போனதைக் கை உணர்ந்தது. மரை போய்விட்டது. அதற்குப் பிறகு சரியான திருகைக் கொண்டுவந்தாலும் அது நிற்காது. தொலைத்தது திருகை மட்டும்தான். பாபின் கேஸைக் கெடுத்தது அந்தக் 'கிட்டத்தட்ட'.

அம்மா அடிக்கவில்லை. மாலையில் வந்து பார்த்தாள், விரல் நுனியால் அந்தத் துளையைத் தடவினாள். 'தொலைஞ்சுதுன்னு சொல்லியிருந்தா ரெண்டு நாள் மெஷினை மூடி வச்சிருப்பேன்டி' என்றாள். அவ்வளவுதான். அந்த 'மூடி வச்சிருப்பேன்' எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. சரியான பாகம் வரும்வரை கருவி மூடியே இருக்கட்டும் என்று அவளால் நினைக்க முடிந்தது. தைத்துக் கொடுக்க வேண்டிய துணிகள் அத்தனை இருந்தும். உங்களுக்கு அப்படி என்ன அவசரம்?

உங்கள் பிஸ்டலைச் செய்தவர்கள் பாகங்களின் படத்தையும் எண்ணையும் வெளியிட்டிருப்பார்கள். அந்த எண்ணைச் சொல்லி அதே ஸ்பிரிங்கை வரவழையுங்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரண்டு ஸ்பிரிங்குகளில் கம்பியின் தடிமன் தலைமயிர் அளவு மாறினாலே வலு வெகுவாக மாறும். வெட்டினாலும் மாறும். நீளம் குறைந்தால் இறுக்கம் கூடும், ஆனால் தள்ளும் தூரம் குறையும். இழுத்து நீட்டினால் கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும். தொலைந்த இரும்புக் குண்டும் அப்படியே. சைக்கிள் பால்ரஸ் அளவில் ஒத்துப்போகிறது என்று போட்டுவிடாதீர்கள். சொல்கிறேன், கேளுங்கள்.

இனி தொலையாமல் இருப்பதற்கு. பாகம் பறப்பது விரல் நடுங்குவதால் இல்லை. கழற்றும் அந்தப் பின் எதைத் தடுத்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் கழற்றுவதால்தான். ஒவ்வொரு பின்னையும் தட்டும் முன் ஒரு நிமிடம் அதன் பின்னால் என்ன அழுத்திக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். தெரியவில்லை என்றால், உள்ளே இருப்பது தெரிகிற பெரிய பிளாஸ்டிக் பையொன்றுக்குள் பிஸ்டலை வைத்து, பையின் வாய் வழியாக இரண்டு கைகளையும் விட்டு வேலை செய்யுங்கள். பறந்தாலும் பைக்குள்தான் விழும். பாகம் நழுவாமல் பிடிக்கும் லாக் கிளிப்பைக் கழற்றும் முன் அதன் துளையில் ஒரு நூலைக் கோத்து மேசையில் ஒட்டிவிடுங்கள். கீழே விரிப்பது வெளிர் நிறத் துணியாக இருக்கட்டும். துண்டு வேண்டாம், அதன் இழைகளில் ஸ்பிரிங் சிக்கி, உதறும்போது எகிறும். ஓ ரிங்கைப் பல்குச்சியால் நெம்புங்கள். ஊசியால் நெம்பினால் பள்ளத்தில் கீறல் விழுந்து காற்று கசியத் தொடங்கும், அந்தக் கீறல் கண்ணுக்கே தெரியாது.

படம் எடுத்ததைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். படம் தேவைதான். ஆனால் ஒரு திருகு எத்தனை சுற்று உள்ளே இருந்தது என்று படம் சொல்லாது. சரிசெய்யும் திருகு எதையும் கழற்றும் முன் அதை இலேசாக உள்ளே திருகுங்கள், முட்டி நிற்கும்வரை, சுற்றுகளை எண்ணியபடி. 'இரண்டே கால்' என்று தாளில் எழுதுங்கள். அப்புறம் வெளியே எடுங்கள். திரும்ப மாட்டும்போது முட்டும்வரை திருகி, இரண்டே கால் சுற்று பின்வாங்கினால் பழைய இடம். என் பிஸ்டல் பெட்டியில் இப்படி எழுதிய தாள்கள்தான் பாதி இடத்தை அடைத்திருக்கின்றன.

புது ஸ்பிரிங்கை மாட்டியதும் உடனே சிலிண்டரைப் போடாதீர்கள். உங்கள் பிஸ்டலில் காற்றும் ஈயக்குண்டும் இல்லாமல் வெறும் டிரிகர் பயிற்சி செய்வதற்கான அமைப்பு பெரும்பாலும் இருக்கும். அதில் வைத்து நாணேற்றி, அதாவது சுடுவதற்குத் தயாராக இழுத்து நிறுத்தி, பிஸ்டலின் மேலும் பக்கங்களிலும் உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். ஒருமுறைகூட சொடுக்கென்று விழக் கூடாது. முப்பது தடவையாவது செய்யுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், ஈயம் படிந்திருக்கும்.

ஒன்று விட்டுப்போனது. தேடிய இடங்களையெல்லாம் வரிசையாக எழுதினீர்கள். மேசை, அலமாரி, கதவிடுக்கு, படுக்கை. பிஸ்டலுக்குள் தேடினீர்களா? பின்னைத் தட்டும்போது எல்லாமே வெளியே பறப்பதில்லை. ஸ்பிரிங் பறந்ததைப் பார்த்தீர்கள், சரி. இரும்புக் குண்டு பறந்ததைக் கண்ணால் பார்த்தீர்களா, அல்லது காணவில்லை என்பதால் பறந்துவிட்டது என்று நினைத்தீர்களா? அது உள்ளே உருண்டு பிடியின் குழிக்குள் கிடக்கலாம். அப்படிக் கிடந்தால் நாணேற்றும்போது எதன் நடுவிலாவது போய்ச் சிக்கும். இன்றைக்கு நாணேற்ற வேண்டாம். மரப்பிடியைக் கழற்றி, வெள்ளைத் துணிமேல் பிஸ்டலைக் கவிழ்த்துப் பிடித்து, மெல்லத் தட்டுங்கள். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையில் படுக்க வைத்து ஒளியைத் தரையோடு தரையாக ஓடவிடுங்கள். ஸ்பிரிங் எங்கே கிடந்தாலும் அதன் நிழல் நீளமாக விழும். எது கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா