எட்டு கேமராவா, ஒரு நல்ல தாழ்ப்பாளா?

வீடுகளுக்கு அலாரமும் கேமராவும் பொருத்துவதுதான் 22 வருடமாக என் தொழில். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘எதை வாங்கலாம்?’ என்ற கேள்விதான். அவற்றில் ஆறை எடுத்திருக்கிறேன்.

புது வீட்டுக்குக் குடிபோகிறோம். எட்டு கேமராவும் ரெக்கார்டரும் சேர்ந்த செட் ஒன்றை வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். அது போதுமா?

செட்டை இப்போது வாங்க வேண்டாம், சகோதரி. பகலில் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை, சாவி தொலைந்துபோனதாக நினைத்துக்கொண்டு நீங்கள் இருவரும் வீட்டைச் சுற்றி வாருங்கள். எந்த வழியாக உள்ளே போவீர்கள்? பின்கதவா, குளியலறை ஜன்னலா, மாடிக் கதவா? தோன்றுகிற இடங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல் அந்தத் தாளிலிருந்துதான் வர வேண்டும்.

அப்புறம் கதவைப் பாருங்கள். பூட்டு கனமாகத்தான் இருக்கும். ஆனால் பூட்டின் நாக்கு போய் உட்காரும் தகட்டைக் கழற்றினால், விரல் நகத்தளவு நீளத்தில் இரண்டு திருகு இருப்பதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஓங்கி உதைத்தால் பூட்டு உடையாது. நிலைச்சட்டம் பிளந்து தகடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். தடிமனான தகடு, 3 அங்குலத் திருகு, கீல்களுக்கும் அதேபோல நீளமான திருகு. அரை மணி நேர வேலைதான். கதவு தாங்கும் ஒவ்வொரு நிமிடமும் வந்தவனுக்குப் பயம், உங்களுக்கு அவகாசம்.

கதவு தடுக்கும், சைரன் ஊரைக் கூட்டும், கேமரா நடந்ததைச் சொல்லும். கேமரா மட்டும் வைத்தால் நடந்த பிறகு பார்ப்பதற்குத்தான் உதவும். சில சமயம் அதற்கும் உதவாது. ஒரு வீட்டில் ஆறு கேமரா வைத்திருந்தார்கள். திருட்டு நடந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். ரெக்கார்டரை டிவிக்குக் கீழே, உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் வைத்திருந்திருக்கிறார்கள். வந்தவன் மற்ற பொருள்களோடு அதையும் கழற்றிக்கொண்டு போய்விட்டான். மேசையில் தூசி படியாத ஒரு நீள்சதுரம். அதற்குப் பின்னால் ஆறு கேபிள் முனைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த வீட்டு அம்மா வெகுநேரம் அந்த முனைகளையே பார்த்தபடி நின்றார். எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை.

அதனால் எந்த ரெக்கார்டர் வாங்கினாலும், காற்றோட்டம் உள்ள, பூட்டு போட்ட அலமாரியில், கண்ணுக்குத் தெரியாத அறையில் வையுங்கள். முக்கியமான ஒன்றிரண்டு கேமராவின் பதிவு மட்டுமாவது இணையத்தில் ஒரு பிரதியாகச் சேரட்டும்.

வாசலில் 2 மெகாபிக்சல் கேமரா இருக்கிறது. ஆள் வருவது தெரிகிறது, முகம் தெரியவில்லை. 8 மெகாபிக்சலுக்கு மாறினால் தெரியுமா?

தெரியலாம். ஆனால் கேமராவை மாற்றும் முன் லென்ஸையும் உயரத்தையும் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

2 மெகாபிக்சல் படத்தில் இடமிருந்து வலமாக 1920 புள்ளிகள் இருக்கின்றன. முன்பின் தெரியாத ஒருவரைப் படத்தை வைத்து அடையாளம் சொல்ல, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகளாவது விழ வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பின்பற்றும் கணக்கு. ஏற்கெனவே தெரிந்த ஆளா என்று பார்க்க 125 போதும். பொதுவாகக் கிடைக்கும் கேமராக்களில் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் இருக்கும். 5 மீட்டர் தள்ளி நிற்பவரைப் பார்க்கும்போது அது கிட்டத்தட்ட 12 மீட்டர் அகலத்தைப் படத்துக்குள் அடைத்துவிடுகிறது. 1920ஐ 12ஆல் வகுத்தால் 160. முகம் தெரியாததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அதே 2 மெகாபிக்சலில் 6 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால், அதே தூரத்தில் அகலம் சுமார் 5 மீட்டராகச் சுருங்கும். மீட்டருக்கு 380 புள்ளிக்கு மேல் கிடைக்கும். முகம் நன்றாகவே விழும்.

முற்றம் முழுவதையும் காட்டும் கேமராவும் முகத்தைக் காட்டும் கேமராவும் வேறுவேறு வேலைக்காரர்கள். ஒன்றை வைத்து இரண்டு வேலையையும் வாங்கப் பார்க்கும்போதுதான் ஏமாற்றம். முகத்துக்கென்று ஒரு கேமராவை எல்லோரும் கடந்தே ஆகவேண்டிய ஒரு குறுகலான இடத்துக்கு, கதவுக்கோ கேட்டுக்கோ, ஒதுக்குங்கள்.

உயரம் இன்னொரு விஷயம். கைக்கு எட்டக்கூடாது என்று இரண்டாம் மாடி விளிம்பில் மாட்டச் சொல்பவர்கள் நிறைய. அங்கிருந்து தெரிவது உச்சந்தலை. ஒரு வீட்டுப் பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது, தொப்பியின் விளிம்பும் ஒரு தோளும் ஒரு செருப்பின் பட்டையும் தெரிந்தன. அந்தத் தொப்பியில் இருந்த தையலைக்கூட எண்ணலாம். அது விலை உயர்ந்த கேமரா. முகம் மட்டும் இல்லை. 8 அல்லது 9 அடி உயரம் போதும். வாசலில் அழைப்பு மணியோடு சேர்ந்த கேமரா ஒன்றும் இருந்தால் மார்பு உயரத்திலிருந்து நேராகப் பார்க்கும்.

இரவில் படம் வெள்ளையாகப் பூத்துப்போனால், முன்னால் சுவரோ கூரை விளிம்போ மிக அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். கேமராவின் அகச்சிவப்பு விளக்கு அதில் பட்டுத் திரும்பி லென்ஸையே அடிக்கும். சிலந்தி வலை இருந்தாலும் இதே கதைதான். மாதத்துக்கு ஒரு முறை மென்மையான துணியால் துடையுங்கள். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே வைத்து வெளியே பார்க்கிற கேமரா இரவில் கண்ணாடியைத்தான் படம் பிடிக்கும்.

எங்கள் அசைவு சென்சார் நடுராத்திரியில் காரணமில்லாமல் அலறுகிறது. வீட்டில் ஒரு பூனை உண்டு. இப்போது அலாரத்தைப் போடுவதையே நிறுத்திவிட்டோம்.

இந்தக் கடைசி வரிதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. பொய்யாக அலறுகிற அலாரத்தை வீட்டார் அணைத்துவிடுவார்கள், அக்கம்பக்கத்தார் காதில் வாங்க மாட்டார்கள்.

அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டி எதையும் ‘பார்ப்பது’ இல்லை. உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிரைத்தான் உணர்கிறது. முன்னால் உள்ள வரிவரியான பிளாஸ்டிக் வில்லை, அறையை விசிறி மடிப்புபோலப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. வெப்பமான ஒன்று ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்குத் தாண்டினால் அலாரம். அதனால் குறுக்கே நடப்பவரை உடனே பிடிக்கும். நேராகத் தன்னை நோக்கி வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். கதவுக்கு எதிர்ச்சுவரில் வைப்பதைவிட, உள்ளே வருபவர் குறுக்கே கடக்கும்படி மூலையில் வைப்பது நல்லது. வெயில் விழும் ஜன்னல், ஏசியின் காற்று, அறையைச் சூடாக்கும் கருவி, காற்றில் ஆடும் திரை, இவற்றைப் பார்த்தபடி வைக்காதீர்கள். வில்லையின் மேல் ஒரு பூச்சி ஊர்ந்தாலும் அதற்கு மலைபோலத் தெரியும்.

பூனைக்கு வருவோம். ‘வளர்ப்புப் பிராணி இருந்தாலும் அலறாது’ என்று விற்கும் சென்சார்கள் பொதுவாகத் தரையோரத்துப் பட்டைகளை விட்டுவிடும், அல்லது சின்ன உருவத்தை ஒதுக்கிவிடும். நாய் தரையில் நடக்கும், சரி. பூனை அலமாரிக்குத் தாவும், சோபா முதுகில் நடக்கும். அப்போது சென்சாருக்கு அது ஆள்தான்.

உங்களுக்கு நான் சொல்வது, இரவில் அசைவு சென்சாரை விட்டுவிட்டுக் கதவு, ஜன்னல்களில் காந்த சென்சார் போடுங்கள் என்பதுதான். எனக்கு மிகவும் பிடித்த கருவி அது. ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் முடியளவு இடைவெளியில் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள். கதவில் உள்ள காந்தம் அருகில் இருக்கும்வரை அவை ஒட்டிக்கொண்டிருக்கும். கதவு திறந்து காந்தம் விலகியதும் பிரியும். அவ்வளவுதான். பூனையும் திரையும் அதை ஏமாற்ற முடியாது. ஆள் உள்ளே நடமாடும் வரை காத்திருக்காமல், கதவு அசையும்போதே சொல்லிவிடும். ஒரே எச்சரிக்கை, இரும்புக் கதவாக இருந்தால் இரும்பு காந்த விசையைத் தன் பக்கம் இழுத்துவிடும். இரும்புக் கதவுக்கென்றே உள்ள கனமான வகையைக் கேட்டு வாங்குங்கள். கதவைத் திறக்காமல் கண்ணாடியை மட்டும் உடைத்து நுழையக்கூடிய ஜன்னல் இருந்தால், அங்கே கண்ணாடி உடையும் சத்தத்தைக் கேட்கும் சென்சார் தேவைப்படும்.

வாடகை வீடு. சுவரில் துளை போட அனுமதி இல்லை. வைஃபை கேமராவை நம்பலாமா?

துளை போட முடியாது என்றால் வேறு வழியில்லை தம்பி, தாராளமாக வைக்கலாம். மெமரி கார்டு போட இடம் உள்ளதாக வாங்குங்கள். வைஃபை அறுந்தாலும் கார்டில் பதிவு ஓடும். காந்த சென்சார்களும் ஒட்டுகிற வகையில் பேட்டரியோடு கிடைக்கின்றன, வீடு மாறும்போது கூடவே வந்துவிடும்.

சொந்த வீடு கட்டும் நாள் வரும்போது மட்டும் கேபிள் இழுக்க மறக்காதீர்கள். ஒரே நெட்வொர்க் கேபிளில் மின்சாரமும் படமும் 100 மீட்டர் வரை போகும். செம்பு பூசிய அலுமினியக் கேபிளைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அசல் செம்புதானா என்று முனையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் வேண்டாம்.

நான் ஓய்வுபெற்றவன். என் மகன் வீட்டுக்குள் கேமரா வைக்க விரும்புகிறான். யாரோ அதன் வழியாக எங்களைப் பார்த்தால் என்ன செய்வது என்று எனக்குப் பயம்.

உங்கள் பயம் நியாயமானது, ஐயா. 2016ஆம் ஆண்டு மிராய் என்ற தீய மென்பொருள் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் ரூட்டர்களையும் பிடித்துக்கொண்டு, பெரிய இணையதளங்களையே முடக்கியது. அது பெரிய பூட்டு எதையும் உடைக்கவில்லை. தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டிருந்தார்கள்; அறுபதுக்கு மேற்பட்ட அந்தப் பழைய பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, உள்ளே போனது.

ஆகவே மகனிடம் சொல்லுங்கள்: பெட்டியைப் பிரித்த அன்றே பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். இரண்டாவது சரிபார்ப்பு எண் கேட்கும் வசதி இருந்தால் அதையும் போட வேண்டும். எத்தனை வருடத்துக்கு மென்பொருள் புதுப்பிப்பு தருவோம் என்று சொல்கிற தயாரிப்பாளரிடம் மட்டும் வாங்க வேண்டும். படுக்கையறையில் கேமரா கூடவே கூடாது. கூடத்தில் வைத்தாலும், நீங்கள் வீட்டில் இருக்கும்போது லென்ஸை மூடுகிற மூடி உள்ள கேமராவாக இருக்கட்டும். இது உங்கள் வீடு, உங்கள் சம்மதம் இல்லாமல் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். வெளியே உள்ள கேமராவும் அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்க்கக்கூடாது; படத்தின் ஒரு பகுதியை மறைக்கும் வசதி பெரும்பாலான கேமராக்களில் உண்டு.

அம்மாவும் நானும் மட்டும் இருக்கிறோம். அதிகம் செலவழிக்க முடியாது. முதலில் எதை வாங்குவது? மின்சாரம் போனால் என்ன ஆகும்?

இரண்டு கேள்விக்கும் சேர்த்தே சொல்கிறேன், அம்மா. வீட்டுக்குக் கேமரா என்ற எண்ணமே உங்களைப்போன்ற ஒருவரிடமிருந்துதான் பிறந்தது. நியூயார்க்கில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற செவிலியர் இருந்தார். அவரும் கணவரும் வேலைக்குப் போய்வரும் நேரங்கள் ஒத்துப்போகாது, தனியாக இருக்கும்போது கதவு தட்டினால் பயம், கூப்பிட்டால் போலீஸ் வரத் தாமதம். கதவில் வெவ்வேறு உயரத்தில் நான்கு பார்வைத் துளைகள், அவற்றுக்கிடையே ஏறி இறங்கும் கேமரா, உள்ளே ஒரு திரை, வெளியே நிற்பவரோடு பேச மைக், ஆபத்தென்றால் அழுத்த ஒரு பொத்தான் என்று அவர் வடிவமைத்தார். 1966இல் கணவரோடு சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1969 டிசம்பரில் பெற்றார். கதவைத் திறக்காமலே யார் என்று தெரிய வேண்டும், உடனே உதவி கூப்பிட முடிய வேண்டும் என்பதுதான் அவர் கவலை.

உங்கள் வரிசையும் அதுதான். முதலில் இரண்டு கதவுக்கும் நல்ல தாழ்ப்பாள், நீளமான திருகு. அடுத்து, பேட்டரி உள்ள ஒரு சின்ன அலாரம் பெட்டி, கதவுகளுக்குக் காந்த சென்சார், அம்மாவின் கட்டிலருகே ஓர் அவசரப் பொத்தான், 100 டெசிபலுக்குக் குறையாத சைரன். கையில் காசு சேர்ந்ததும் வாசல் மணிக் கேமரா.

மின்சாரம் போனால், அலாரம் பெட்டி தன் பேட்டரியில் பல மணி நேரம் ஓடும். கேமரா தாங்காது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 84 வாட்-மணி. நான்கு கேமராவும் ரெக்கார்டரும் சேர்ந்து 35 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம்கூடக் கணக்கில்தான் வரும். அதனால் ரூட்டருக்கும் வாசல் கேமராவுக்கும் மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் போதும்.

இன்னொன்று. என் அக்கா வீட்டுக்கு நானே அலாரம் பொருத்திக் கொடுத்தேன். ஐந்து வருடம் பேட்டரியை மாற்றவில்லை, சோதித்தும் பார்க்கவில்லை. ஒரு ராத்திரி மின்சாரம் இல்லாத நேரத்தில் யாரோ பின்கதவை நெம்பியிருக்கிறார்கள். சைரன் வாயே திறக்கவில்லை. தாழ்ப்பாள் தாங்கியதால் அக்கா தப்பினார். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்க்கிறோம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சத்தம் அங்கேயும் கேட்கிறதா என்று அவர்களிடமே விசாரியுங்கள். பின்கதவின் படம் ஒன்றை, தகடும் திருகும் தெரிகிற மாதிரி எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்த நீளத் திருகு சரிப்படும் என்று பார்த்துச் சொல்கிறேன்.