எம்151 இராணுவ ஜீப் திருப்பங்களில் ஏன் கவிழ்ந்தது?

முதன்மைக் காரணம், அந்த அமெரிக்க வண்டியின் பின்சக்கர சஸ்பென்ஷன்தான், அதாவது சக்கரங்களை வண்டியோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் அமைப்புதான். அதற்கு முந்தைய, இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் தனிச் சட்டகமும், முன்னும் பின்னும் திடமான அச்சுகளும், பட்டைவில்களும் இருந்தன. 1951-இல் எம்151 என்ற புதிய வண்டியை வடிவமைக்கும் பணியைப் பெற்ற ஃபோர்டு நிறுவனம், தனிச் சட்டகத்தை நீக்கி உடற்கூட்டையே சுமைதாங்கியாக்கியதோடு, கரடுமுரடான தரையில் வேகமாகச் செல்வதற்காக நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியே சுருள்வில் அமைத்தது. துணிச்சலான, சரியான முடிவு என்றே அதைச் சொல்வேன். குறை பின்புறத்தில்தான் நுழைந்தது. அங்கே ஒவ்வொரு சக்கரமும் அதன் அரை அச்சோடு சேர்ந்து, டிஃபரன்ஷியலை (எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டியை) ஒட்டிய மூட்டை மையமாகக் கொண்டு மேலும் கீழும் ஆடியதால், வேகமாகத் திரும்பும்போது வண்டியின் பின்பகுதி எழும்பி, வெளிப்பக்கச் சக்கரத்தின் அடி உள்நோக்கி மடிந்து, டயர் ஓரத்தில் மட்டுமே ஊன்றிப் பிடிப்பை இழந்தது. பின்னால் சுமை இல்லாத வண்டியில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். 1970-இல் வந்த எம்151ஏ2 வகையில் பின்சக்கரங்களைத் தாங்கும் கைகளின் அமைப்பே மாற்றப்பட்டு, சக்கரம் சாய்வது வெகுவாகக் குறைந்தது. ஆயினும் அமெரிக்க அரசு, சேவையிலிருந்து நீக்கிய வண்டிகளைப் பொதுமக்களுக்கு முழுதாக விற்காமல், உடற்கூட்டை வெட்டிய பிறகே கழித்தது. 1980-களில் அகலமான ஹம்வீ என்ற இராணுவ வண்டி அதன் இடத்துக்கு வந்தது.