டிராக் நாளுக்கு சஸ்பென்ஷன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: டைனமிக் கிட் (சஸ்பென்ஷனைத் திருகி மாற்றும் வசதி) போட்ட டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 பைக் வைத்திருக்கிறேன். என் எடை 84 கிலோ. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பிரேக் அடித்தால் முன்பக்கம் ரொம்ப இறங்குகிறது, வளைவு முடிந்து ஆக்சிலரேட்டரைத் திருகினால் வண்டி வெளிப்பக்கமாகவே ஓடுகிறது. முன்னும் பின்னும் எல்லாவற்றையும் டைட் வைக்கச் சொல்கிறார் நண்பர். வைக்கலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: வேண்டாம். எதையும் திருகுவதற்கு முன் ஒரு டேப்பை எடுங்கள். முதலில் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஆக்சிலிலிருந்து நேர் மேலே சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குறி வைத்து அளந்துகொள்ளுங்கள். அப்புறம் ஹெல்மெட், லெதர் சூட், பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு, டிராக்கில் உட்காருவது போலவே ஏறி உட்காருங்கள், ஒருவர் வண்டியைப் பிடிக்கட்டும், இன்னொருவர் அதே இடத்தில் மறுபடி அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சாக். டிராக்குக்கு 30 முதல் 35 மி.மீ. நல்ல தொடக்கம். முன்பக்கமும் இப்படித்தான், ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய் சஸ்பென்ஷன்) வெளியே தெரியும் பளபளப்பான குழாயை அளந்தால் போதும்.

வண்டி வெளியே ஓடுவதற்குப் பின்பக்கம்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே அமுங்கிக் கிடக்கிறது, ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் இன்னும் உட்கார்ந்துவிடுகிறது, முன்சக்கரத்தில் பாரம் குறைந்து வண்டி திரும்ப மறுக்கிறது. சாக் 40க்கு மேல் வந்தால் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவைக் கூட்டுங்கள். ஆனால் ப்ரீலோட் ஸ்பிரிங்கைக் கடினமாக்காது, வண்டி நிற்கும் உயரத்தைத்தான் மாற்றும். நிறைய பேர் குழம்புவது இங்கேதான். 30க்குக் கொண்டு வந்தபின் இறங்கி நின்று, வண்டி தன் சொந்த எடையில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 5 முதல் 10 மி.மீ. இருந்தால் சரி. கொஞ்சமும் இறங்கவில்லை என்றால் ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பத்தாது, எத்தனை சுற்று திருகினாலும் தீராது, மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப எழும் வேகத்துக்கான கட்டுப்பாடு. சீட்டை அழுத்தி விட்டால் ஒரே மூச்சில் எழுந்து நிற்க வேண்டும். மேலே துள்ளி மறுபடி இறங்கினால் ரீபவுண்ட் குறைவு. முழுக்க இறுக்கினாலோ, அடுத்தடுத்த மேடுகளில் ஸ்பிரிங் நீள நேரமில்லாமல் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போய்விடும், ப்ரீலோடில் சம்பாதித்ததெல்லாம் போச்சு.

பிரேக்கில் முன்பக்கம் இறங்குவது தப்பே இல்லை, பாரம் போனால்தான் முன் டயருக்குப் பிடி. அடி வரை போய் முட்டக் கூடாது, அவ்வளவுதான். ஃபோர்க் குழாயில் ஒரு ஜிப் டை (பிளாஸ்டிக் கட்டு) கட்டி ஓட்டுங்கள், எதுவரை இறங்கியது என்று அது நின்ற இடம் காட்டும், அடி வரை போக 10 மி.மீ. மிச்சமிருந்தால் தொடாதீர்கள், முட்டியிருந்தால் கம்ப்ரெஷனை (ஃபோர்க் அமுங்கும் வேகத்துக்கான கட்டுப்பாடு) இரண்டு கிளிக் கூட்டிவிட்டு இன்னொரு செஷன் போய்ப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதையும் எழுதி வையுங்கள். டயர் காற்றை, ஓட்டி வந்த சூட்டோடு பாருங்கள், மதிய வெயிலில் காற்றழுத்தம் ஏறியதை சஸ்பென்ஷன் கோளாறு என்று நினைத்துத் திருகுபவர்கள் உண்டு.

கேள்வி: யமஹா ஆர்15 ஃபோர்க்கில் திருக எதுவுமே இல்லையே, என்ன செய்வது?
– வாசகர், கோவை

பதில்: ஆயிலும் ஸ்பிரிங்கும் இருக்கின்றனவே. கனமான ஆயில் ஊற்றினால் இறங்குவது, எழுவது இரண்டுமே மெதுவாகும், அதனால் அதில் அவசரம் வேண்டாம். பிரேக்கில் முட்டுவதுதான் பிரச்சினை என்றால், முதலில் ஆயில் மட்டத்தை 5 மி.மீ. ஏற்றச் சொல்வேன்: உள்ளே காற்றுக்கான இடம் சுருங்கி, கடைசி இறக்கத்தில் எதிர்ப்பு கூடும், மேலே மென்மை அப்படியே இருக்கும். அளவுக்கு மீறி ஏற்றினால் ஆயில் சீல் கசியும். ஃபோர்க்கின் இரண்டு குழாயிலும் மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று மெக்கானிக் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.