வாசகர் கேள்வி – மருத்துவர் குழு பதில்: நாள் தள்ளுவதற்கு முன்பே தொடங்க வேண்டிய மாத்திரை

வாசகி, குடியாத்தம்: நாள் தள்ளியும் எட்டாவது வாரத்தில்தான் நர்ஸம்மாவிடம் பதிவு செய்தேன். அன்றுதான் ஃபோலிக் ஆசிட் மாத்திரை கிடைத்தது. தாமதமாகிவிட்டதா? இரண்டிரண்டாகப் போட்டு ஈடுகட்டலாமா?

பதில்: இரண்டிரண்டாகப் போட வேண்டாம். விட்டுப்போன வாரங்களை அது திருப்பித் தராது. கருவின் மூளையும் தண்டுவடமும் முதலில் தட்டையான ஒரு தகடாகத்தான் இருக்கும். அது சுருண்டு குழாயாக மூடிக்கொள்வது, கரு உண்டான 28 நாட்களுக்குள் முடிந்துவிடுகிறது. கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் 6 வாரம். நாள் தள்ளியது தெரியவே 4 வாரம் போய்விடும். மேல்முனை மூடாமல் போனால் மூளையும் மண்டையோடும் சரியாக உருவாவதில்லை. கீழே மூடாமல் போனால் முதுகுத்தண்டில் பிளவு விழும். கால் செயலிழப்பு, சிறுநீர் கட்டுப்படாமை வரை போகலாம்.

அதற்காகக் கலங்காதீர்கள். மாத்திரை போடாத தாய்மாரிலும் பெரும்பாலானோருக்கு இந்தக் குறை இல்லாமல்தான் பிள்ளை பிறக்கிறது. 12 வாரம் முடியும்வரை தினம் ஒரு மாத்திரை போடுங்கள். உங்களுக்கு ரத்தம் ஊறவும் ஃபோலேட் (ஃபோலிக் அமிலம் தரும் வைட்டமின் சத்து) வேண்டும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் வழக்கம்போல் ஒன்றே ஒன்று போதும். 11–13 வார ஸ்கேனையும், முதுகுத்தண்டு தெளிவாகத் தெரியும் 18–20 வார ஸ்கேனையும் தவறவிடாதீர்கள். நாலாம் மாதம் முதல் தரும் இரும்புச்சத்து மாத்திரையில் 60 மி.கி. இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. டீ, காபியோடு சேர்த்து விழுங்கக் கூடாது என்பது இரும்புக்காகத்தான்.

இதைப் படிக்கும் கல்யாண வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. நிச்சயதார்த்தத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இடையில் இரண்டு மூன்று மாதம் கிடைத்தால், பெண் இந்த மாத்திரையைத் தொடங்க அதுவே சரியான நேரம். புடவை எடுக்கிற பட்டியலில் இதையும் எழுதிவிடுங்கள்.

வாசகி, காட்பாடி: மெடிக்கலில் 5 மி.கி. கொடுத்தார்கள். அக்காவுக்கு 400 மைக்ரோகிராம் எழுதியிருந்தார்கள். எது சரி?

பதில்: மாத்திரைப் பட்டையைத் திருப்பி, எண்ணோடு அது மி.கி.யா மைக்ரோகிராமா என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 5 மி.கி. என்றால் 5,000 மைக்ரோகிராம். அக்கா போட்டதைப் போல் பன்னிரண்டரை மடங்கு. பொதுவாக 400 மைக்ரோகிராம் போதும். முந்தைய குழந்தைக்கோ, கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கோ நரம்புக்குழாய்க் குறை (மேலே சொன்ன குழாய் மூடாமல் போகும் குறை) இருந்தால் அதிக அளவு கட்டாயம் வேண்டும். அப்படிப்பட்ட தாய்மாருக்குத் தினம் 4 மி.கி. கொடுத்ததில் குறை மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்ததை 1991-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள், கருத்தரிக்கும் முன்பே சர்க்கரை நோய் உள்ளவர்கள், உடல் பருமன் மிகுந்தவர்களுக்கும் மருத்துவர் 5 மி.கி. எழுதலாம். வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் எழுதாமல் கடையில் வாங்கியது என்றால், பட்டையோடு மருத்துவரிடம் போய் அளவைக் கேட்டுவிடுங்கள்.

வாசகர், ஆம்பூர்: மனைவிக்கு ரத்தத்தில் ஃபோலேட் அளவு பார்க்கலாமா?

பதில்: எல்லோருக்கும் தேவையில்லை. சீரம் ஃபோலேட் (ரத்தத்தின் நீர்ப்பகுதியில் உள்ளது) கடந்த சில நாட்களின் சாப்பாட்டைத்தான் காட்டும். நேற்று மாத்திரை போட்டிருந்தாலே எண் ஏறிவிடும். சிவப்பணு ஃபோலேட்தான் கையிருப்பைச் சொல்லும், ஏனென்றால் அணு உருவாகும்போது சேர்ந்த ஃபோலேட் அதன் 120 நாள் ஆயுள் முழுக்க உள்ளேயே இருக்கும். சிவப்பணுவில் 400 நானோகிராம்/மி.லி. (906 நானோமோல்/லிட்டர்) தாண்டினால் இந்தக் குறைகள் வெகுவாகக் குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. அது ஊர் மொத்தத்துக்கான அளவுகோல். தனி ஒருவருக்குத் தீர்ப்பு சொல்ல அல்ல. தினமும் 400 மைக்ரோகிராம் போட்டாலும் அந்த அளவை எட்டப் பல வாரங்கள் பிடிக்கும். பரிசோதனைக்குச் செலவழிப்பதைவிட மாத்திரையை முன்கூட்டித் தொடங்குவதே பலன்.

வாசகி, வாலாஜா: வாரம் முழுக்கக் களியும் கீரைக் கடைசலும்தான். மாத்திரை வேண்டுமா?

பதில்: வேண்டும். கீரையின் ஃபோலேட் தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். நிறையத் தண்ணீரில் வேகவிட்டு வடித்துக் கொட்டினால் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூடி, வெந்ததும் அதே தண்ணீரோடு கடையுங்கள். வெந்த காராமணி 100 கிராமில் சுமார் 200 மைக்ரோகிராம் இருக்கிறது. ஆனால் உணவில் உள்ளது மாத்திரையில் உள்ள அளவுக்கு உடலில் ஏறாது, ஏறக்குறைய பாதிதான். கீரையும் பயறும் தொடரட்டும், மாத்திரை அவற்றோடு சேரட்டும்.

வாசகி, ஆரணி: நாங்கள் சைவம். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: வைட்டமின் பி12. பால், தயிரும் குறைவாகச் சாப்பிடுபவர் என்றால் கட்டாயம் பாருங்கள். பி12 குறைவால் வரும் சோகையை ஃபோலிக் அமிலம் சரிசெய்துவிடும், நரம்புச் சேதம் மட்டும் உள்ளுக்குள் தொடரும். கை கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, நாக்கு எரிவது இருந்தால் மருத்துவரிடம் சொல்லி பி12 பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குறைவு என்றால் அதற்கும் சேர்த்துச் சிகிச்சை தருவார்.