வால்வு ஆம்பில் நல்ல ஒலி: சேலம், ஏற்காடு கிட்டார் கலைஞர்களின் கேள்விகளும் பதில்களும்

சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் கிட்டார் வாசிக்கும் நண்பர்கள் வால்வு ஆம்ப்ளிஃபயர் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்) குறித்து அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே செய்தியைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

அஸ்தம்பட்டி: ஐயா, என்னுடைய 50 வாட் ஆம்ப் கல்யாண மண்டபத்தில் அருமையாக ஒலிக்கிறது. வீட்டில் சத்தத்தைக் குறைத்தால் உயிரற்றுப் போகிறது. வால்வுகளை மாற்றினால் சரியாகுமா?

சரியாகாது, அந்தப் பணத்தை வைத்திருங்கள். சத்தம் குறையக் குறைய, தாழ்ந்த சுரங்களைக் கேட்கும் திறன் நம் காதுக்கு மற்றவற்றைவிட வேகமாகக் குறைகிறது. ஃபிளெட்சரும் மன்சனும் 1933ஆம் ஆண்டிலேயே இதை அளந்து காட்டினார்கள். மேலும், ஆம்பின் மொத்தச் சத்தத்தை ஆளும் மாஸ்டர் வால்யூமைக் குறைத்து வைக்கும்போது முன்வரிசையிலுள்ள 12ஏஎக்ஸ்7 என்னும் சிறு வால்வுகள் மட்டுமே ஒலியைத் திரிக்கின்றன (டிஸ்டார்ஷன்). ஸ்பீக்கரை இயக்கும் பவர் வால்வுகள், அவற்றை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஆகிய மூன்றும் மண்டபத்தில் சேர்த்த கனம் வீட்டில் சேர்வதில்லை.

25 வாட் ஆம்பாக மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாட் பாதியானால் குறைவது 3 டெசிபெல் மட்டுமே. சத்தம் பாதியானதாகக் காது உணர வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபெல் குறைய வேண்டும். அதாவது 50 வாட் 5 வாட் ஆக வேண்டும். ஆகவே வீட்டுக்கென ஒரு 5 வாட் ஆம்ப் வாங்குங்கள், அல்லது ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் ஸ்பீக்கருக்குப் போகும் சக்தியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் ஒன்றை இணையுங்கள். எதுவானாலும், வீட்டில் வைத்த பேஸ், ட்ரெபிள் அளவுகளை மண்டபத்துக்கு அப்படியே கொண்டுபோகாமல் அங்கே புதிதாகத் திருகிப் பார்த்து அமையுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை: அண்ணா, வால்வு, ஸ்பீக்கர் இரண்டில் எதை முதலில் மாற்றுவது?

ஸ்பீக்கரைத்தான் தம்பி. ஒரு 12ஏஎக்ஸ்7-ஐ எடுத்துவிட்டு வேறு தயாரிப்பை மாட்டினால் வரும் வேறுபாட்டைக் கூர்ந்து கேட்டால்தான் உணர முடியும்; ஸ்பீக்கரை மாற்றினால் அடுத்த அறையில் இருப்பவருக்கும் தெரியும். செலஸ்டியன் நிறுவனத்தின் கிரீன்பேக் ஸ்பீக்கர் 25 வாட் தாங்கும், அதன் நடுச்சுரங்கள் மென்மையாக வரும். அதே நிறுவனத்தின் வின்டேஜ் 30 பெயரில் 30 இருந்தாலும் 60 வாட் தாங்கும். மேல்நடுச் சுரங்கள் முன்னால் வந்து நிற்பதால் குழுவில் வாசிக்கும்போது உங்கள் கிட்டார் மறையாது. ஒரே அளவு வாட் கொடுத்தால் முதலாவது 98 டெசிபெல் ஒலித்தால் இரண்டாவது 100 டெசிபெல் ஒலிக்கும். ஆம்பில் கை வைக்காமலேயே சத்தம் கூடுவதற்கு இந்த வேறுபாடு போதும்.

வாட் கணக்கில் கவனமாக இருங்கள். முழுவதும் திருகிய 30 வாட் ஆம்ப், ஒலி திரியும்போது 30 வாட்டையும் தாண்டும். அதில் ஒரே ஒரு கிரீன்பேக்கை மாட்டினால் ஸ்பீக்கரின் சுருள் கருகக்கூடும். இரண்டாக மாட்டும்போது 16 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டும் பக்க இணைப்பில் (பேரலல்) 8 ஓம் ஆகும், ஆம்பின் ஓம் சுவிட்சையும் 8-இல் வைக்க வேண்டும். இணைப்பதற்குத் தடித்த ஸ்பீக்கர் வயரையே பயன்படுத்துங்கள். கிட்டார் கேபிள் அந்த மின்னோட்டத்துக்கானதன்று.

மேட்டூர்: எங்கள் மெல்லிசைக் குழுவின் பிஏ பாக்ஸில் (கூட்டத்துக்கான ஒலிபெருக்கிப் பெட்டி) என் ஆம்பை நேரடியாக இணைக்கலாமா?

கூடாது. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக மங்கிவிடும், அந்த மங்கலே ஒலித்திரிபின் கூர்மையைத் தேய்த்து இனிமையாக்குகிறது. ஹார்ன் பொருத்திய பிஏ பாக்ஸ் அதற்கும் மேலே உள்ள அனைத்தையும் வெளியிடுவதால் ஈக்கள் மொய்ப்பது போன்ற இரைச்சல் எழும். ஆம்பைத் தன் ஸ்பீக்கரோடு விட்டு, அதன் முன்னால் ஷூர் எஸ்எம்57 போன்ற மைக்கை வையுங்கள். மைக் கூம்பின் நடுவை நோக்கினால் ஒலி கூர்மையாகும், விளிம்பை நோக்கினால் தணியும்.

ஆம்பின் ஸ்பீக்கர் அவுட்டிலிருந்து மிக்ஸருக்கு ஒருபோதும் வயர் இழுக்காதீர்கள். ஸ்பீக்கர் என்னும் சுமை இல்லாமல் வால்வு ஆம்பை வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் எழும் மிகை மின்னழுத்தம் அதன் சுருளையே எரித்துவிடக்கூடும்.

குகை: பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. ஆம்பில் ஓயாத முனகல். என்ன செய்வது?

முனகல் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பிரித்தறியுங்கள். கிட்டாரின் வால்யூமைச் சுழியமாக்கியதும் முனகல் நின்றால் அது பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்குறிகையாக்கும் காந்தச் சுருள்) வழியாக வருகிறது. ஒற்றைச் சுருள் பிக்கப், தறி மோட்டாரின் காந்தப்புலத்தை அப்படியே வாங்கும். உட்காரும் திசையை மாற்றிப் பாருங்கள், ஒரு கோணத்தில் முனகல் வெகுவாகக் குறையும். நிலையான தீர்வு வேண்டுமானால் ஹம்பக்கர் பிக்கப் பொருத்துங்கள். 1955ஆம் ஆண்டு கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் வடிவமைத்த ஹம்பக்கர், இரண்டு சுருள்களால் இந்த முனகலை ஒன்றையொன்று நீக்கச் செய்கிறது.

வால்யூம் சுழியத்தில் இருந்தும் முனகினால் ஆம்பின் உள்ளே கோளாறு. ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டை வாசித்துப் பாருங்கள், அது 98 ஹெர்ட்ஸ். முனகல் அந்தச் சுரத்தை ஒட்டியிருந்தால் அது 100 ஹெர்ட்ஸ். பெரும்பாலும் ஆம்பின் மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர்கள் தேய்ந்திருக்கும். ஒரு ஸ்தாயி (ஆக்டேவ்) கீழே ஒலித்தால் 50 ஹெர்ட்ஸ். வால்வைச் சூடாக்கும் ஹீட்டரின் வயரிங்கையோ எர்த்தையோ பார்க்க வேண்டும். முனகல் நிற்கிறது என்பதற்காகப் பிளக்கின் எர்த் பின்னைச் சிலர் கழற்றிவிடுகிறார்கள். அது உயிருக்கே ஆபத்து. ஆம்பைத் திறக்கும் வேலையையும் அனுபவமுள்ள மெக்கானிக்கிடமே விடுங்கள். அணைத்த பிறகும் கண்டென்சர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

ஏற்காடு: மழைக்காலத்தில் எஸ்டேட் வீட்டில் ஆம்பின் ஒலி மந்தமாகிவிடுகிறது. ஸ்பீக்கரில் வெள்ளையாகப் பூஞ்சையும் பிடித்திருக்கிறது.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே நுழையும் ஊரில் இதை எதிர்பார்க்க வேண்டியதுதான். காகிதக் கூம்பு ஈரத்தை உறிஞ்சிக் கனக்கிறது, கனத்த கூம்பு மேல்சுரங்களுக்கு ஈடுகொடுக்காது. பூஞ்சையை உலர்ந்த மென்தூரிகையால் மெல்லத் தட்டிவிடுங்கள், ஈரத்துணி வேண்டாம். ஆம்பைச் சுவரிலிருந்து தள்ளி மரப்பலகைமேல் வைத்து, நாள்தோறும் சிறிது நேரம் இயக்குங்கள். வால்வுகளின் வெப்பமே பெட்டியை உலர்த்தும். பிளாஸ்டிக் உறையால் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும், துணி உறையே போதும். மலையின் குளிரிலிருந்து சேலத்துக்கு இறக்கிய ஆம்பில் சமவெளிக் காற்றின் ஈரம் படியும் என்பதால், அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

ஓமலூர்: மாமா அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட் ஆம்ப் கொண்டுவந்தார். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதுமா?

வோல்ட்டுக்குப் போதும், ஹெர்ட்ஸுக்குப் போதாது. அது 230-ஐ 120 ஆக்கும். 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. 60-க்கென்றே செய்த பவர் டிரான்ஸ்ஃபார்மர் 50-இல் கூடுதலாகச் சூடாகும். ஆம்பின் பின்புறத் தகட்டில் 50/60 என்று இருந்தால் கவலையில்லை. மாலையில் உங்கள் ஊரில் மின்சாரம் 200 வோல்ட்டுக்கு இறங்குகிறது என்கிறீர்கள். அப்போது 6.3 வோல்ட் வர வேண்டிய ஹீட்டருக்கு ஏறக்குறைய 5.5 தான் வரும். பத்து விழுக்காடு ஏற்ற இறக்கம்தான் வழக்கமான எல்லை என்பதால் ஸ்டெபிலைசர் அவசியம். காலையில் நன்றாக ஒலித்த ஆம்ப் மாலையில் தளர்ந்து ஒலிப்பதாக நீங்கள் எழுதியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

ஆத்தூர்: வால்வுக்குள் நீல ஒளி தெரிகிறது. ஆபத்தா?

கண்ணாடியை ஒட்டிப் படர்ந்த நீலம் இயல்பானது. உள்ளிருக்கும் தகடே சிவந்து ஒளிர்ந்தால் உடனே அணைத்துவிட்டு, பயாஸை (வால்வு வாசிக்காதபோதும் இழுக்கும் மின்னோட்டத்தின் அமைப்பை) சரிபார்க்கக் கொடுங்கள்.

அம்மாப்பேட்டை: எனக்கு இதமாகக் கேட்கும் ஒலி, எதிரே அமர்ந்திருப்பவர்களுக்குக் காதைக் குத்துகிறதாம். ட்ரெபிளைக் குறைக்கவா?

முதலில் ஆம்பின் இடத்தை மாற்றுங்கள். 12 அங்குல ஸ்பீக்கர் மேல்சுரங்களை நேர்க்கோட்டில் குவித்து அனுப்புகிறது. தரையிலிருக்கும் ஆம்ப் உங்கள் முழங்காலுக்கும் எதிரே அமர்ந்தவரின் காதுக்கும் வாசிக்கிறது. ஆம்பைப் பின்னால் சாய்த்து உங்கள் காதை நோக்க வைத்து, அங்கே நின்றபடி ட்ரெபிளைத் திருகுங்கள். அறை மூலையில் வைத்தால் பேஸ் பொங்கும் என்பதால் மூலையிலிருந்தும் சற்றே விலக்கி வையுங்கள்.